கோப்பின்மேல் விழுந்த மணி

ரோம் நகரத்தில் மந்திரிசபை கூடும் மேஜைமேல் ஒரு வெள்ளி மணி இருந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் போகிற பிரதமர் அதை வருகிறவர் கையில் கொடுப்பார். எத்தனையோ பேரிடம் கைமாறி, மணிக்கு யார்மேலும் ஒட்டுதல் இல்லாமல் போயிற்று.

இந்த முறை பதினாலே மாதத்தில் கூட்டணியின் குட்டிக் கட்சி ஒன்று காலை வாரிவிட, ஆட்சி கவிழ்ந்தது. கைமாற்றும் நேரத்தில், போகிறவரின் பேனா மேஜையிலிருந்து மணியிடம் கெஞ்சியது.

“அக்கா, பூகம்பத்துல வீடு போனவங்களோட கோப்பு கையெழுத்தாகாமக் கிடக்கு. இவரு மறந்துட்டாரு.”

“வர்றவர் போடட்டுமே.”

“அவரு முதல்லேருந்து விசாரிக்கச் சொல்வாரு. அவங்க மூணு வருஷமா தகரக் கொட்டகையில இருக்காங்க அக்கா.”

மணி, போகிற பிரதமரின் விரல்களிலிருந்து வழுக்கி, மேஜை விளிம்பில் மோதி, கோப்பின்மேல் போய் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் கோப்பைப் பார்த்தார். “ஒரு நிமிஷம்” என்று எல்லோரையும் நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மணியை வருகிறவர் கையில் கொடுத்துவிட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

“அடிபட்டுடுச்சா அக்கா?” என்றது பையிலிருந்து பேனா.

“லேசா நசுங்கியிருக்கு. நீ பத்திரமா போய்ட்டு வா.”

அந்த அறையைவிட்டுப் போன யாரிடமும் மணி அதுவரை அப்படிச் சொன்னதில்லை.