விக்கர்பி ஊரில் விக்கர்பிகள்

"பேரு?"

"சிரில் விக்கர்பி."

ஹெஸ்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்குக் காலையிலதானே எங்க வீட்டுக் கதவுல லெட்டர் போட்டீங்க? நீங்க போஸ்ட்மேன் சிரில் சக்டன்."

"அது காலையில." சிரில் கொஞ்சமும் கூச்சப்படாமல் கையை நீட்டினார். "பேட்ஜைக் கொடும்மா. டீ ஆறிடும்."

ஹெஸ்டர் அந்த ஊர்க் கவுன்சில் அலுவலகத்துக்குக் குமாஸ்தாவாக வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஊரின் பெயரும் விக்கர்பிதான். எண்பத்தெட்டு வயது ஆம்ப்ரோஸ் விக்கர்பிக்கு ஓர் ஆசை. அந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் எந்த மூலையில் இருந்தாலும், ஜூன் மாத முதல் சனிக்கிழமை இங்கே வந்து ஒன்றாகத் தேநீர் குடிக்க வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று. பெயர் விக்கர்பி என்று இருக்க வேண்டும்.

வாசலில் உட்கார்ந்து பேட்ஜ் எழுதித் தருவது இந்த வருடம் ஹெஸ்டரின் வேலை.

அடுத்து, தலைப்பாகையும் வெள்ளைத் தாடியுமாக மூலைக்கடை குர்மித் சிங் வந்து நின்றார்.

"பேரு?"

"குர்மித் விக்கர்பி."

"மிஸ்டர் சிங்! உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"அம்மா வழியில," என்றார் அவர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அவருக்குப் பின்னால் பாதிரியாரின் மனைவி டோரீன். "டோரீன் விக்கர்பி," என்று சொல்லிவிட்டு, "ஆண்டவரே, மன்னியும்," என்று முணுமுணுத்தபடி பேட்ஜைக் குத்திக்கொண்டாள்.

முப்பத்திரண்டு பேட்ஜ் தீர்ந்தது. வாக்காளர் பட்டியலை ஹெஸ்டர் தலைகீழாக அறிவாள். அதில் விக்கர்பி என்று இருப்பது ஆம்ப்ரோஸ் ஒருவர்தான்.

உள்ளே போனால் கூத்து இன்னும் பெரிதாக இருந்தது. கனமான கண்ணாடியோடு ஆம்ப்ரோஸ் நடுநாயகமாக உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக எழுந்து தன் வம்சத்தைச் சொல்ல வேண்டும்.

"என் கொள்ளுத்தாத்தா ஜோசையா விக்கர்பி," என்று ஆரம்பித்தார் சிரில். "ஹல் துறைமுகத்துல தச்சர். ஒரு ஆட்டோட கப்பல் ஏறினார். ஆடு மட்டும் திரும்பி வந்தது."

கைதட்டல்.

"ஜோசையாவைத் தேடி இந்தியா வரைக்கும் போன தம்பிதான் எங்க முப்பாட்டனார்," என்றார் குர்மித் சிங்.

"நான் பாதர் பெர்சிவல் விக்கர்பியோட கொள்ளுப்பேத்தி," என்றாள் டோரீன்.

"அவர் கல்யாணமே பண்ணிக்கலைன்னு போன வருஷம் சொன்னியே?" என்று யாரோ கேட்டார்கள்.

"கடைசிக் காலத்துல மனசு மாறிட்டார்."

ஆம்ப்ரோஸ் குர்மித் சிங்கின் முகத்தருகே குனிந்து பார்த்தார். "அதே மூக்கு! அச்சு அசல் விக்கர்பி மூக்கு!"

ஹெஸ்டரால் பொறுக்க முடியவில்லை. சிரிலின் கையைப் பிடித்துத் தேநீர் மேசைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"கண்ணு தெரியாத மனுஷனை முட்டாளாக்கி ஓசியில சாண்ட்விச் சாப்பிடறீங்களே, வெட்கமா இல்ல? இப்பவே மைக்ல எல்லாத்தையும் சொல்லிடப் போறேன்."

"ஓசியா? சாண்ட்விச் டோரீன் பண்ணினது. கேக் என் பொண்டாட்டி சுட்டது. டீத்தூளும் சர்க்கரையும் சிங் கடையில இருந்து வந்தது."

"அப்போ எதுக்கு இந்த நாடகம்?"

சிரில் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி பெரியவர், டெலிபோன் புத்தகத்துல இருந்த அத்தனை விக்கர்பிக்கும் லெட்டர் போட்டார். முந்நூறு. நான்தான் மூட்டை கட்டித் தூக்கிட்டுப் போனேன். ஒரு பதில்கூட வரலை. இருந்தும் அந்தச் சனிக்கிழமை, இதே ஹால்ல நாற்பது நாற்காலி போட்டு, கோட்டும் டையுமா ஒத்தையா உட்கார்ந்திருந்தார். தபால் கொடுக்க உள்ளே போனேன். டக்குன்னு எழுந்து நின்னு, 'நீங்க விக்கர்பியா?'ன்னு கேட்டார். நான் என்னம்மா சொல்லட்டும்?"

ஹெஸ்டர் ஹாலின் நடுவே உட்கார்ந்திருந்த கிழவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தேன். இப்போ ஊரே வருது. நீ மைக்ல சொல்றதுன்னா சொல்லு. அந்த மனுஷன் உயிரோட இருக்கறதே இந்த ஒரு நாளுக்காகத்தான்."

அதற்குள் ஆம்ப்ரோஸின் குரல் கேட்டது. "வாசல்ல பேட்ஜ் கொடுத்த பொண்ணு எங்கே? அவ எந்தக் கிளைன்னு சொல்லவே இல்லையே?"

ஹால் சட்டென்று அடங்கியது. முப்பத்திரண்டு விக்கர்பிகளும் ஹெஸ்டரையே பார்த்தார்கள். டோரீன் கையிலிருந்த கேக்கை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தாள். சிரில் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹெஸ்டர் மெல்ல ஆம்ப்ரோஸின் அருகே போய் நின்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நான்... ஹெஸ்டர்... விக்கர்பி. லீட்ஸ்ல... தொப்பிக் கடை வச்சிருந்தாரே... அவர்..."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

ஆம்ப்ரோஸ் அவள் கையைப் பற்றித் தன் பக்கம் இழுத்து, காதோடு காதாகச் சொன்னார்:

"கொஞ்சம் சத்தமா சொல்லு கண்ணு. எனக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், இவங்க அடுத்த வருஷம் வரமாட்டாங்க."