லூபஸ்காரியின் தம்பி

வில்லாபுரம் வீட்டுக்குள் புகுந்த முகேஷ், கட்டிலில் கிடந்த அக்கா புருஷன் முத்துக்குமரனைத் தரையில் இழுத்துப் போட்டு உதைத்தான்.

"மூட்டெல்லாம் வீங்குற லூபஸ் சீக்கோட என் அக்கா மாட்டுத்தாவணியில பூமூட்டை தூக்குறா. உனக்குக் கட்டில் கேக்குதா மாமா?"

முத்துக்குமரன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. "மிதி மாப்ள" என்று முனகினான்.

முகேஷ் அவனைப் புரட்டி, இடுப்புக்கு மேலே முதுகில் நாலு மிதி மிதித்தான். தரையில் மோதிய வாயில் ரத்தம் வந்தது.

வேலை முடிந்து வந்த பாண்டிமீனா தம்பியை ஓங்கி அறைந்தாள்.

"சீக்கு அவருக்குடா. லூபஸ் பொம்பளைகளுக்குத்தான் அதிகமா வரும்னு டாக்டர் சொல்லவும், வெக்கப்பட்டு, உனக்குன்னே ஊர்ல சொல்லிருன்னு என்கிட்ட கெஞ்சினாரு. நானும் சொன்னேன்."

முகேஷ் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஆம்பளைக்கு வந்தா கிட்னியச் சீக்கிரம் அரிச்சிருமாம். இவருக்குப் பாதி போச்சு."

புருஷனை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டாள்:

"எங்கடா மிதிச்ச?"