அப்பாவின் தொப்பி

டென்னசி வெயிலில் புழுங்கும் ஒலிப்பதிவு அறையில், வெர்லீனின் முதல் ராக்கபில்லி துள்ளலிசை ஆல்பத்துக்கு இன்னும் ஒரு பாட்டுதான் பாக்கி. எல்லோருக்கும் ஒரே மைக். ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து பாட வேண்டும். கண்ணாடிக்கு அப்பால் அவள் அப்பா, சபைப் போதகர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நிற்கிறார். அவளைப் பாதியில் இழுத்துக்கொண்டு போக வந்தவர்போல. "காலைத் தட்டாத புள்ள, மைக்ல இடிக்குது," என்று ஆளுயரத் தந்திவாத்தியமான பாஸை வாசிக்கும் ஆர்லிஸ் அவள் காலடியில் கம்பளத்தைப் போடுகிறான். "ட்ரம்தான் இல்லையே, வேற எதை வச்சுப் பாடுறதாம்? சபையில இப்படித்தான் பாடுனேன்," என்று அதை உதைத்துத் தள்ளுகிறாள். டேப் சுழல்கிறது. பாஸின் தந்திகள் கட்டையில் அறைகின்றன. அவள் குதிகால் பலகைத் தரையில் இடிக்க, குரல் கீறிக்கொண்டு எகிறுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் அப்பாவின் கை உயர்கிறது. நிறுத்தச் சொல்கிறாரா? அவள் அவரையே பார்த்தபடி இன்னும் ஓங்கி மிதிக்கிறாள். ஜெபத்துக்கு மட்டுமே கழற்றும் அந்தத் தொப்பி, இப்போது அவர் நெஞ்சோடு இருக்கிறது.