பக்கத்தில் ஓர் இடம்

"படுத்துக்கினு இருக்கிற சிலையா? நம்ம கோயில்ல அப்டி எதுவும் இல்லம்மா" என்றார் உபதேசியார் சகாயராஜ்.

கலைப்பிரியாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திண்டிவனத்தைச் சுற்றி இது ஐந்தாவது கிறிஸ்தவக் கோயில். குயிலாப்பாளையத்திலிருந்து வெளிநாட்டுக்காரர்களைக் காரில் ஏற்றிப்போய் ஊர் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறாள். இந்த ஹில்டா மேடத்துக்காக வேண்டிக்கொண்டது போல யாருக்காகவும் வேண்டிக்கொண்டதில்லை. எண்பத்திரண்டு வயது. இனிமேல் விமானமே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"நல்லா யோசிச்சுப் பாருங்கண்ணா. வெள்ளைக்காரப் பொம்பளை சிலை. கல்லுல செஞ்சது. மல்லாந்து படுத்த மாதிரி இருக்கும்."

"அதுக்கா இந்த வயசுல இவ்ளோ தூரம் வந்துக்கிறாங்க?"

ஹில்டாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது போல, போனை நீட்டினார். இங்கிலாந்தில் அவருடைய ஊர்க் கோயில். உள்ளே ஒரு கல்லறை மேடை. அதன்மேல் கல்லாலான துரை ஒருவர் படுத்திருந்தார். காலடியில் கல் நாய். பக்கத்தில் இன்னொருவர் படுக்கிற அளவுக்கு வெறும் இடம்.

"இவரு மேடத்தோட பாட்டனுக்குப் பாட்டன். இங்க ரோடு போட வந்த இன்ஜினியர். பொண்டாட்டி ஹாரியட் இங்கயே காய்ச்சல்ல போயிட்டாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் கல்லுல செதுக்கி, பக்கத்துல பக்கத்துல படுக்க வைக்கிறது அவங்க ஊர் வழக்கமாம். அந்தம்மா சிலையை இங்கயே செய்யச் சொல்லி, கப்பல்ல ஏத்தி அனுப்புங்கன்னுட்டு ஊருக்குப் போனாரு. சிலை போய்ச் சேரவே இல்ல. நூத்தி அறுவது வருஷமா அந்த இடம் காலிண்ணா!" கலைப்பிரியா ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். "கெடச்சா எடுத்துக்கினு போறதுக்குப் பேப்பர்லாம் வாங்கியாச்சு. மேடத்துக்குப் பின்னால தேட ஆளும் இல்ல."

"அடப் பாவமே! தனியாப் படுத்துக்கினு கெடக்குறாரே மனுஷன்" என்று உச்சுக்கொட்டினார் சகாயராஜ். நல்ல மனிதர். கல்லறைத் தோட்டம், மணிக்கூண்டு, பழைய சாமான் அறை எல்லாவற்றையும் திறந்து காட்டினார். மூவர் தலையிலும் ஒட்டடை சேர்ந்ததுதான் மிச்சம்.

நாலைந்து பெண்களோடு கூடையும் கையுமாக வந்தாள் இருதயமேரி.

"உபதேசியாரே, மொத சனிக்கெழம. மாதாவுக்குச் சேலை மாத்தணும். ஆம்பளைங்க வெளிய நில்லுங்க" என்று விரட்டியவள், ஹில்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். "இன்னாம்மா, தொரசாணி அழுதுடும் போலக்கீதே? உள்ள வரச் சொல்லு. எம்மவன் டெங்குல கெடந்தப்போ காப்பாத்துனவ இந்தத் தாயிதான். ஒரு கை புடிச்சா மனசு ஆறிடும்."

முகத்துக்கு ரோஸ் பெயிண்ட், தலையில் கிரீடம், நீலப் பட்டு, கழுத்து கொள்ளாத மல்லிகை. மாதா கை கூப்பி நின்றாள். பெண்கள் ஹில்டாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் திரையை இழுத்துவிட்டார்கள். அடுத்த கோயில் ஃபாதருக்குப் போன் போட வெளியே ஓடினாள் கலைப்பிரியா.

அரைமணி கழித்து ஹில்டா வந்தார். கண் சிவந்திருந்தது. வெள்ளை முடியில் யாரோ ஒரு கண்ணி பூவைச் செருகிவிட்டிருந்தார்கள்.

"ஃபாதர் வரச் சொல்லிட்டார் மேடம். சீக்கிரம் கிளம்பினால் இருட்டுவதற்குள் பார்த்துவிடலாம்" என்றாள் கலைப்பிரியா ஆங்கிலத்தில்.

"வேண்டாம். தேடினது போதும்."

காரில் ஏறியும் கலைப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. கோபம்கூட வந்தது. இதற்கா இந்த நான்கு நாளும் இப்படி நாயாய் அலைந்தது?

"கடைசி வாய்ப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? உங்கள் ஊரில் அந்த இடம் காலியாகவே கிடக்குமே மேடம்!"

"கிடக்கட்டும். தாத்தாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்."

ஹில்டா கார்க் கண்ணாடியை இறக்கிக் கோயிலைத் திரும்பிப் பார்த்தார்.

"பழைய சேலையை அவிழ்த்தபோது மாதாவின் காலடியில் ஹாரியட் என்று பெயர் இருந்தது கலை. ஏதோ லத்தீன் ஜெபம் என்று நினைத்தோ என்னவோ, ஒவ்வொருத்தியும் அதைத் தொட்டு முத்தம் கொடுக்கிறாள்; இப்படி எழுந்து நிற்கிறவளைப் போய் நான் எப்படி மறுபடியும் படுக்க வைப்பேன்?"