மண்புழுவின் முறை

விலங்குகள் எந்த உறுப்பால் நகர்கின்றன என்று மாலை வகுப்பில் பிள்ளைகளை நடிக்கவைத்தேன். தவளையும் நண்டும் மற்றவர்களுக்கு. மதுவந்திக்கு மண்புழு. அரிசி ஆலை முற்றத்தில் என் அப்பாவை எல்லோர் முன்னாலும் முழங்காலால் நடக்கவைத்த தணிகாசலத்தின் மகள் அவள். கொடுத்தது தப்போ என்று இரண்டு முறை யோசித்தேன், மாற்றவில்லை. தணிகாசலம் அவளை அழைத்துப்போக வரும் நேரத்துக்கே அவள் முறையை வைத்தேன்.

அவர் வாசலில் நின்றார். மதுவந்தி உடலைச் சுருக்கி நீட்டி, தரையோடு ஊர்ந்து என் காலடிக்கு வந்தாள்.

"சரியா செஞ்சேனா மிஸ்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எதுலயும் ஃபர்ஸ்ட்டுதான் மிஸ்!"

"இன்னொரு தடவை ஊர்ந்து காட்டும்மா," என்றேன். "இன்னும் மெதுவா."