நாலாவது ஆளும் ஃபெயில்

"ஃபெயில்!" என்றபடி உள்ளே வந்தார் கணவர்.

மனைவி கையிலிருந்த வாளியை ணங்கென்று தரையில் வைத்தாள். வீட்டில் போர்வெல் போட வந்த மூன்றாவது ஆளும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இவருக்கு என்னங்க குறைச்சல்?"

"ரிவர்ஸ் எடுக்கச் சொன்னேன். கேட்டுல கொண்டுபோய் இடிச்சிட்டான்."

"அவர் பூமியில ஓட்டை போட வந்தவருங்க. லைசென்ஸ் வாங்க வரல!"

என்ன செய்வது, மனிதருக்கு உத்தியோகம் அப்படி. டிரைவிங் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர். நாள் முழுக்க ஊரையே ஃபெயிலாக்குகிறவர், வீட்டுக்கு வந்ததும் சும்மா இருப்பாரா?

முதலில் வந்தவரிடம் பதிவுச் சான்றிதழே இல்லை. சரி, அது நியாயம். இரண்டாவது ஆள் எல்லாச் சான்றிதழையும் லேமினேட் செய்தே கொண்டுவந்தார். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லையாம். ஃபெயில்.

இதில் இன்னொரு வேடிக்கை. டெஸ்ட் முடிந்ததும் ஒவ்வொருவரையும் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ கிசுகிசுப்பார். அவர்கள் பதில் சொன்ன கையோடு திரும்பி வந்து தீர்ப்பைச் சொல்லிவிடுவார்.

குழாயில் வெறும் காற்று வர ஆரம்பித்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்தான் கதி. அந்த வீட்டுக்காரருக்கு அவள் வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி.

"சிந்தாம தூக்கும்மா! கிணத்துப் பக்கம் போகாதே. தொட்டியில இருக்கிறதை மட்டும் எடு!"

கிணற்றைத் தகரம் போட்டு மூடி, பக்கத்திலேயே நாற்காலியும் போட்டுக் காவல் இருப்பார். ஏதோ உள்ளே தங்கப் பாளம் கிடக்கிற மாதிரி. அவள் கிளம்பும்போது தவறாமல் ஒரு கேள்வி வேறு.

"உங்க வீட்டுல எப்பத்தான் போர் போடப் போறீங்க?"

ஒரு வாளித் தண்ணீருக்கு இவ்வளவு பேச்சா என்று அவள் வீட்டில் வந்து புலம்புவாள். கணவரோ அந்தத் தண்ணீரையே ஒரு டம்ளர் குடித்துவிட்டு நாக்கைச் சப்புக்கொட்டுவார்.

"முன்னெல்லாம் உப்புக் கரிச்சுது. இப்ப பாரு, கல்கண்டா இனிக்குது. கிணறுன்னா இதுல்ல கிணறு!"

அன்று அவள் கடைசி எச்சரிக்கையே விடுத்துவிட்டாள்.

"அடுத்த ஆளையும் ஃபெயிலாக்கினீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அங்க குழாயைத் திறந்தா தண்ணி வரும். நீங்க அந்தச் சிடுமூஞ்சிகிட்டயே திட்டு வாங்கி மூஞ்சி கழுவிக்குங்க!"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலாவதாக வந்தவர் ஒரு பெண் காண்ட்ராக்டர். சான்றிதழ், லைசென்ஸ், போர் போட்டுக் கொடுத்த வீடுகளின் விலாசம், எல்லாம் பக்கா. துளை போடும் அந்தப் பெரிய லாரியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து கேட்டுக்குள் நிறுத்தினார். கண்ணாடியைப் பார்த்தார். கை பிரேக் போட்டதைக்கூட இன்ஸ்பெக்டருக்குக் காட்டிவிட்டுத்தான் இறங்கினார்.

இன்ஸ்பெக்டர் லாரியை இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார்; ஒரு குறையும் அகப்படவில்லை. மனைவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் மனிதர் இவரையும் சுவர் ஓரமாக அழைத்துப் போனார். இந்தத் தடவை மனைவி விடவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வைக்குப் பின்னால் போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

"கடைசியா ஒண்ணு கேக்கறேம்மா. இங்க போர் போட்டா பக்கத்து வீட்டுக் கிணத்துல தண்ணி இறங்கிடுமா?"

"கண்டிப்பா இறங்கும் சார். சுவருக்கு மேல பார்த்தாலே தெரியுது, பழைய கிணறு, ஆழம் கம்மியாத்தான் இருக்கும். நீங்க ஆழமா போட்டா அது ஒரு கோடைகூடத் தாங்காது."

"முன்னே வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க." கணவர் பெருமூச்சு விட்டார். "அப்ப நீங்களும் ஃபெயில்தாம்மா."

போர்வையை விலக்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள் மனைவி.

"அந்தச் சிடுமூஞ்சி கிணத்துக்காகவா எல்லாரையும் விரட்டினீங்க?"

"மெதுவா பேசு! திட்டிக்கிட்டே குடுத்தாலும், ஒரு நாளாவது இல்லைன்னு சொல்லியிருக்காரா அந்த மனுஷன்? அவர் தண்ணியைக் குடிச்சிட்டு அவர் கிணத்தையே வத்தவைக்கச் சொல்றியா?"

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பேச்சோட பேச்சா அவர்கிட்ட உளறிடுவே. அவரும் பரவாயில்லை, போடுங்கன்னுடுவார்."

இந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது. அண்ணன் வீட்டுப் பயணத்தை மனசுக்குள் அப்போதே ரத்து செய்தாள்.

"இருங்க சார்" என்றார் காண்ட்ராக்டர். "அந்தக் கிணத்தை ஒரு தடவை பார்த்துடறேன். தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு தெரிஞ்சா வேற ஏதாவது வழி சொல்லலாம்."

மூன்று பேரும் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்ததும் சிடுமூஞ்சி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார்.

"கிணத்துப் பக்கம் யாரும் வரக்கூடாது!" தகரத்தை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் அசரவில்லை. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஒரு சின்னக் கல்லைப் போட்டார்.

டொக்!

"என்ன சார் இது, உள்ள பொட்டுத் தண்ணி இல்லையே!"

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்ப... நாங்க தினமும் எடுத்துட்டுப் போற தண்ணி?" என்றாள் மனைவி.

சிடுமூஞ்சி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு வழக்கம்போலக் கத்தினார்.

"நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் லாரித் தண்ணி வாங்கித் தொட்டியை ரொப்பறேன்! கேட்டு வந்த பொண்ணுகிட்ட எப்படி இல்லைங்கறது? உங்க வீட்டுல போர் போடற வரைக்கும்தானேன்னு பார்த்தா, இந்த மனுஷன் வர்றவங்களையெல்லாம் ஃபெயிலாக்கி என் உயிரை வாங்கறாரே!"