பியூனிட்டிவ் டிரான்ஸ்ஃபர்

சட்டைக்கு வெட்டி அடுக்கிய கைகள் அத்தனையும் இடது கை. வலது கை மருந்துக்குக்கூட ஒன்று இல்லை.

தப்பு அக்கா மேல்தான். பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கே அதில் சந்தேகமில்லை. துணி அடுக்குகளை ஒன்றின் முகம் ஒன்றைப் பார்க்க விரித்திருக்க வேண்டும்; அப்போதுதான் இடதும் வலதும் ஜோடியாக விழும். குழந்தைக்கு ஜுரம் என்று தூங்காமல் வந்தவள், எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க விரித்து வெட்டித் தள்ளிவிட்டாள்.

சூப்பர்வைசர் மேடம் திட்டக்கூட இல்லை. தையல் மிஷின்களை நிறுத்தச் சொன்னார். சத்தம் அடங்கியதும் தொண்டையைத் திறந்தார்.

"இவளை கட்டிங்லேர்ந்து பிசிறு வெட்டுற இடத்துக்கு மாத்துறேன். இது பியூனிட்டிவ் டிரான்ஸ்ஃபர். எல்லாருக்கும் கேட்டுச்சா?"

கேட்டது. புரியவில்லை. எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான், ஆனாலும் அங்கே இங்கிலீஷுக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

"தண்டிக்கணும்னே பண்றதுன்னு அர்த்தம்" என்றாள், வேறு வழியில்லாமல்.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்வரிசையில் ஒருத்தி அதற்குள் 'ஒத்தைக் கைக்காரி' என்று பேரே வைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் தங்கச்சி நேரே மேடம் ரூமுக்குப் போனாள். இடம் மாற்றியது நியாயம்தான் என்றாள். அந்த வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், வெந்த புண்ணில் வேல் எதற்கு என்று கேட்டாள்.

"எடுக்க முடியாது."

"சும்மா டிரான்ஸ்ஃபர்னு சொன்னா உங்க வாய் சுளுக்கிக்குமா?"

"சுளுக்காது. போய் வேலையைப் பாரு."

இதெல்லாம் ஒரு மனுஷ ஜென்மமா என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு மேனேஜர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விஷயம் இப்போதுதான் அவர் காதுக்குப் போயிருந்தது.

"வெட்டினவளை இன்னைக்கே சீட்டைக் கிழிச்சு அனுப்பு."

"முடியாது சார். காலையிலேயே தண்டனை கொடுத்தாச்சு. ஒரு தப்புக்கு ரெண்டு தண்டனை கூடாதுங்கிறது கம்பெனி ரூல்."

"இடம் மாத்துறதெல்லாம் ஒரு தண்டனையா?"

"சும்மா மாத்தினா இல்லை சார்." மேடம் தங்கச்சி பக்கம் திரும்பவேயில்லை. "அதான் மிஷினை எல்லாம் நிறுத்திட்டு, அத்தனை பேர் காதுலயும் விழற மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னேன்."